கட்டைக் கணக்கும் செயற்கைக்கோளும்



நம் நாட்டில் வழி சொல்வதற்கு ஒரு காலத்தில் 'கட்டை' என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. மைல் கல்லைத்தான் நம்மவர்கள் கட்டை என்றார்கள். "ஆறாங்கட்டையில் இறங்கி, வலப்பக்கச் செம்மண் சாலையில் நடந்தால் தோட்டம் வந்துவிடும்" என்றால் புதியவரும் தடுமாறாமல் வந்து சேர்ந்துவிடுவார். மலாய்க்காரர்கள் இதனையே 'பத்து' என்றனர். கல் என்று பொருள். கோலாலம்பூரிலிருந்து செராஸ் சாலையில் ஒன்பதாவது மைலில் உள்ள இடம் இன்றும் 'பத்து செம்பிலான்' என்றே வழங்குகிறது. மைல் கிலோமீட்டராக மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் பெயர் மாறவில்லை. (செம்பிலான் என்றால் ஒன்பது. பத்தா, ஒன்பதா என்று தமிழ்ப் பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பதுண்டு!)

கட்டைக் கணக்கிற்கு ஒரு குறை உண்டு. எந்தச் சாலை என்று தெரிந்தால்தான் அது பயன்படும். சாலையே தெரியாதவனுக்கு, கடலில் நிற்பவனுக்கு, அது உதவாது. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலி ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வு மாறுவதைக் கொண்டு, அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டனர். அப்போது அவர்களின் தலைவர் பிராங்க் மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நிலத்தில் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் இடத்தை அறியலாம். அப்படியானால் கோளின் இடம் தெரிந்தால் நிலத்தில் நாம் இருக்கும் இடத்தை அறிய முடியாதா? அந்த வினாவிலிருந்து வளர்ந்ததுதான் 'டிரான்சிட்' என்னும் கடற்படை அமைப்பு. அதன் பின்வந்ததே இன்று நாம் ஜி.பி.எஸ். என்று வழங்கும் அமைப்பு. இதன் முதல் கோள் 1978இல் ஏவப்பட்டது.

வானத்திலிருந்து கோள் நம்மை உற்றுப் பார்ப்பதாகவே என் மாணவர்களில் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் கோளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது தன் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்செய்தி வந்து சேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுவது நம் கையிலுள்ள கருவிதான். நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் இடம் புலப்படும். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும்!

போர்ப்படைக்கென உருவான இவ்வமைப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதன் பின்னே ஒரு துயரம் உண்டு. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், பாதை தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன்பின், அமைப்பு முழுமை பெற்றதும் அனைவரும் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். 1995இல் அது முழுமை பெற்றது. ஆயினும் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. 100 மீட்டர் வரை இடம் பிசகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் அப்பிழையை நீக்கச் செய்தார். மகிழுந்தில் இடங்காட்டியை நம்பிப் போகும் காலம் அதன் பிறகே பிறந்தது எனலாம்.

நம் நாட்டில் அக்கருவிகள் பரவத் தொடங்கியபோது கோள்கள் ஆயத்தமாக இருந்தன. வரைபடம்தான் ஆயத்தமாக இல்லை. அக்குறையைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே போக்கினர். மால்ஃபிரீமேப்ஸ், மால்சிங்மேப்ஸ் ஆகிய குழுக்களைச் சேர்ந்தோர் தாங்கள் ஓட்டிய சாலைகளைக் கருவியில் பதிந்து, ஒன்றுசேர்த்து, கார்மின் கருவிகளுக்கு இலவசமாக வழங்கினர். கூலி பெறாத அவ்வுழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். 2005இல் கூகுள் வரைபடம் வந்தது. பின்னர் கைப்பேசியே வழிகாட்டியாயிற்று.

இக்கருவிகள் வழியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அடிப்படை, டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கு. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவை வைத்து, மொத்தச் செலவு மிகக் குறைந்த வழியைக் கண்டுபிடிப்பதே அது. செலவு என்பது பெரும்பாலும் நேரம். ஆகவே கோலாலம்பூரிலிருந்து பினாங்கு செல்வோரைக் கருவி எப்போதும் 1994இல் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கே அனுப்புகிறது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா என்று ஊர் ஊராகப் புகுந்து செல்லும் பழைய சாலை அதன் கணக்கில் தோற்றுப்போகிறது. அச்சாலையோரத்தில்தான் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் நின்றன. கருவியைக் குறை சொல்வதற்கில்லை. நாம் நேரத்தைக் கேட்டோம், அது நேரத்தைத் தந்தது.

தோட்டங்களின் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், தாத்தா பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு வரச் சொல்லி, வகுப்பில் இணைய வரைபடத்தில் தேடினோம். சில பெயர்களுக்கு ஒன்றும் வரவில்லை. சிலவற்றுக்கு வீடமைப்புப் பகுதி வந்தது. ஒன்றுக்குக் கோல்ஃப் திடல். பல பெயர்களுக்குக் கிடைத்த ஒரே விடை, ஒரு தமிழ்ப்பள்ளி! தோட்டம் போய்விட்டது, பள்ளி மட்டும் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம், ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ், கோலாலம்பூரில் எடின்பர்க் ஆகிய தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். அங்கே பால்மரம் ஏது? பள்ளியின் பெயரை மாற்றி நாகரிகமாக்கலாமே என்று அவ்வப்போது எழும் கருத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

பள்ளியும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் புத்ராஜெயாவே சான்று. பெராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்கள் இருந்த மண் அது. பெராங் பெசார் என்றால் பெரும்போர். முதல் உலகப்போரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் திறந்த தோட்டம். 1990களில் அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலுக்கு இடம்பெயர்ந்தன. இன்று அந்நகருக்குள் வழி கேட்போருக்குக் கருவி சொல்வதெல்லாம் பிரிசிங்க்ட் எண்களே.

வகுப்பில் செய்த தேடலை ஒரு மாணவி வீட்டிலும் தொடர்ந்தாள். அவளுடைய பாட்டிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் செயற்கைக்கோள் படத்தைக் காட்டியதும், "அதோ ஆறு வளைகிறதே, அதன் மேட்டில்தான் எங்கள் லயம், கோயில் இந்தப் பக்கம்" என்று விரலை வைத்துவிட்டார். அங்கே இப்போது செம்பனை. மரங்களுக்கு நடுவே ஒரு சிறு கூரை தெரிந்தது. கோயில் இன்னும் நிற்கிறது.

2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் யாரும் திருத்தம் செய்யலாம். இப்போது இல்லாத ஒன்றை அதில் வரைய விதி இடங்கொடாது. ஆனால் இருக்கும் ஒன்றின் பழைய பெயரை எழுதத் தனி இடமும், தமிழ்ப் பெயரை எழுதத் தனி இடமும் உண்டு. லயத்தை வரைய முடியாது, கோயிலை வரையலாம். அம்மாணவி கோயிலைக் குறித்து, தோட்டத்தின் பெயரோடு சேர்த்துத் தமிழில் எழுதினாள். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், இந்தப் பள்ளி விடுமுறையில் செயற்கைக்கோள் படத்தை அவர்கள் முன் விரித்து வையுங்கள். ஆற்றிலிருந்து தொடங்கினால் எளிதாக இருக்கிறது.