கடல் நடுவே தொடங்கிய நூல்

பயண நூல்களை எழுதியோர் பெரும்பாலும் பயணம் முடித்து, வீடு திரும்பி, ஓய்வாக அமர்ந்த பின்னரே எழுதினர். அரபு மொழியின் புகழ்மிக்க பயண நூல்களுள் ஒன்றோ நடுக்கடலில், கப்பலிலேயே தொடங்கப்பட்டது. அன்று ஹிஜ்ரி 578, ஷவ்வால் பிறை 30, வெள்ளிக்கிழமை, கி.பி. 1183 பிப்ரவரி 25. எழுதியவர் அபுல் ஹுஸைன் முஹம்மது இப்னு ஜுபைர். அவர் எழுதுகோலை எடுத்தபோது எதிரே தெரிந்தது கிரனாடாவின் பனிமலை. சில வாரங்களுக்கு முன்புவரை அம்மலையடி நகரில்தான் அவர் வாழ்ந்து வந்தார்.

1145-இல் ஸ்பெயினின் வலன்ஸியாவில் பிறந்தவர் அவர். மார்க்கக் கல்வியும் இலக்கியமும் கற்றுத் தேர்ந்து, கிரனாடாவின் ஆளுநரிடம் கடிதம் வரையும் செயலராக அமர்ந்தார். அப்பதவியை அவர் விட்ட கதையை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதி வைத்துள்ளார். கடிதம் எழுத அழைத்த ஆளுநர், தாம் அருந்திக்கொண்டிருந்த மதுவை இவருக்கும் நீட்டினாராம். மறுத்தும் விடவில்லை, ஏழு கிண்ணம் குடித்தே தீரவேண்டும் என்று ஆணையிட்டாராம். அஞ்சிக் குடித்தவருக்கு அதே கிண்ணத்தில் ஏழு முறை பொற்காசு நிரப்பிக் கொடுத்தாராம். பொன் கைக்கு வந்தது. நெஞ்சின் அமைதி போயிற்று. அக்குற்றத்துக்குப் பரிகாரமாகவே அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார் என்பது அந்தச் செய்தி. தம் நூலில் இப்னு ஜுபைர் இது பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

1183 பிப்ரவரி 3-ஆம் நாள், மருத்துவரான தம் நண்பர் அஹ்மது இப்னு ஹஸ்ஸானுடன் கிரனாடாவை நீங்கினார். ஸப்தா துறைமுகத்தில் ஜினோவா நாட்டாரின் கப்பல் ஒன்று இஸ்கந்தரிய்யாவுக்குப் புறப்படக் காத்திருந்தது. அதில் ஏறினார்கள். ஸார்டீனியாத் தீவருகே புயல் சூழ்ந்து உயிர் பிழைப்பதே அரிதென்ற நிலை வந்தது. ஆளுநரின் செயலர் என்ற பெருமை அந்த அலைகளிடம் செல்லுபடியாகவில்லை. முப்பது நாள் கடலில் கழித்து, மார்ச் 26-இல் கரை சேர்ந்தார்கள்.

முஸ்லிம் மண்ணில் கால் வைத்தோம் என்ற மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. சுங்க அதிகாரிகள் பயணிகளின் மூட்டைகளைக் கலைத்தார்கள், மடியைத் தடவினார்கள், ஒளித்த பொருள் வேறில்லை என்று சத்தியமும் வாங்கினார்கள். இக்கொடுமையை இப்னு ஜுபைர் மறைக்காமல் பதிந்தார். சுல்தான் ஸலாஹுத்தீன் மீது அவருக்கு அளவிறந்த மதிப்பு உண்டு. இது அவர் அறியாமல் நடப்பது என்றே கருதினார். ஆயினும் அந்த மதிப்புக்காக அதிகாரிகளின் குற்றத்தை அவர் விழுங்கிவிடவில்லை.

நைல் நதி வழியே கூஸ் நகரம் சென்று, பாலையைக் கடந்து, செங்கடற்கரையின் ஐதாபை அடைந்தார். அங்கிருந்து ஜித்தா செல்லும் மரக்கலங்களை அவர் வருணிக்கும் பகுதி நமக்குத் தனிச்சுவை தருவது. அக்கலங்களில் ஓர் ஆணியும் இல்லை. தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தார்கள். மேலே பூசும் எண்ணெய்களில் சுறா எண்ணெயே சிறந்ததாம். மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் இவ்வாறு தைத்துக் கட்டியதே.

அந்தக் கலங்களில் ஹாஜிகள் பட்ட துயரத்தையும் அவர் எழுதுகிறார். கூலியாசையால் கலத்துக்காரர்கள், கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் மனிதரை ஒருவர்மேல் ஒருவராக அடைத்தார்கள். ஒரே பயணத்தில் கலத்தின் விலையை மீட்டுவிடுவதே அவர்கள் நோக்கம். அதன்பின் கலம் என்னவானாலும் கவலையில்லை. இயன்றவர்கள் ஐதாப் வழியைத் தவிர்க்க வேண்டும் என்று பின்வருவோருக்கு அவர் அறிவுரை கூறினார். அரசவையிலேயே இருந்திருந்தால் இந்த ஏழை ஹாஜிகளின் குரல் அவர் செவிக்கு எட்டியிருக்குமா?

1183 ஆகஸ்டில் மக்கா அடைந்து, எட்டு மாதத்துக்கு மேல் தங்கி ஹஜ்ஜை நிறைவேற்றினார். மதீனா, பக்தாத், மவ்ஸில், திமிஷ்க் நகரங்களைக் கண்டு, 1184 அக்டோபரில் அக்காவில் மீண்டும் ஜினோவாக் கப்பல் ஏறினார். அக்கப்பலில் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் மட்டும் 2,000 பேருக்கு மேல் இருந்தனர். இருதரப்பிலும் இறந்தவர்களைக் கடலுக்கே கொடுத்தார்கள். வழியில் பாய்மரம் முறிந்தது, உணவு குறைந்தது. ரமளான் மாதத் தொடக்கத்தில், மஸ்ஸீனாத் துறைமுகத்தருகே கப்பல் தரை தட்டி உடைந்தது.

மீட்க வந்த படகுக்காரர்கள் பெருங்கூலி கேட்டார்கள். கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்கள் உடைந்த கப்பலிலேயே நின்றார்கள். அதைக் காண நேரில் வந்திருந்த ஸிஸிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் 100 காசுகள் கொடுத்து அவர்களைக் கரையேற்றச் செய்தார். கிறிஸ்தவ ஆட்சியாளர்களைக் கடிந்து எழுதத் தயங்காதவர் இப்னு ஜுபைர். அவரே இந்த நன்மையை நன்றியோடு எழுதி வைத்தார். தம்மவர் செய்த தீங்கையும் பிறர் செய்த நன்மையையும் ஒரே மையால் எழுதிய நேர்மைதான் இந்நூலின் உயிர்.

1185 ஏப்ரல் 25-இல் கிரனாடா திரும்பினார். பைத்துல் முகத்தஸை ஸலாஹுத்தீன் 1187-இல் மீட்ட செய்தி அறிந்து, 1189-இல் மறுபடியும் கிழக்கே புறப்பட்டு 1191-இல் மீண்டார். அதன்பின் மாலகா, ஸப்தா, ஃபாஸ் நகரங்களில் ஹதீஸும் தஸவ்வுஃபும் கற்பித்தார். மனைவி மறைந்த பின்னர், முதுமையில் அந்த ஆசிரியப் பணியையும் விட்டு மூன்றாம் முறை பயணம் மேற்கொண்டார். மக்காவையும் பைத்துல் முகத்தஸையும் தரிசித்து, இஸ்கந்தரிய்யாவில் தங்கி, அங்கும் பாடம் சொல்லி, 1217-இல் அந்நகரிலேயே கண்மூடினார்.

இப்னு பதூதாவின் பயணத்தை ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய இப்னு ஜுஸய்ய், இவர் நூலிலிருந்து பல பகுதிகளை எடுத்தாண்டார். லைடன் நகரில் இருந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு வில்லியம் ரைட் 1852-இல் இந்நூலை அச்சேற்றினார்.

கிரனாடா அரண்மனையில் அவர் ஆளுநருக்காக எழுதிய கடிதங்களை இன்று எவரும் தேடுவதில்லை. ஏழை ஹாஜிகளோடு நெருக்குண்டு, உப்புக் காற்றில் எழுதிய ஏட்டைத்தான் உலகம் போற்றிப் படிக்கிறது. பதவியை விட்டபோதும் எழுதுகோலை அவர் விடவில்லை. அதனை ஆளுநரின் கையிலிருந்து மீட்டுத் தம் மனசாட்சியிடம் ஒப்படைத்தார்.