பழைய காரை அடியோடு மாற்ற வேண்டுமா?

என்னடா இவன், வழக்கமாக ஊர்க்கதையும் குசினிக் கதையும் எழுதுகிறவன், இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுத வெளிக்கிட்டுவிட்டான் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சொந்தமாக ஒரு கார்கூட இல்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த இரண்டு விசயங்கள் இதை எழுத வைத்துவிட்டன.

முதலாவது. மத்தியானச் சமையல் முடிந்து, பின்னேர வேலை தொடங்கமுதல் கிடைத்த இடைவெளியில் நோர்த் சேர்க்குலர் வீதியால் வந்துகொண்டிருந்தேன். ஸ்டோன்பிரிட்ஜ் பார்க்குக்குக் கிட்ட ஏஸ் கபே இருக்கிறது. 1938இல் தொடங்கி, 1969இல் மூடப்பட்டு, 2001இல் திரும்பவும் திறக்கப்பட்ட கடை. பழைய மோட்டார் சைக்கிள்காரரும் கார்க்காரரும் கூடுகிற இடம். வாசலில் இரண்டு மோர்கன் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நீண்ட மூக்கு, வளைந்த மட்காட், வட்ட விளக்குகள். எது பழசு, எது புதுசு என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார ஐயா சிரித்துக்கொண்டு சொன்னார்: "இது 1970களில் செய்தது. அது 2020க்குப் பிறகு செய்தது. மேலாலே பார்த்தால் அண்ணன் தம்பி. கீழாலே பார்த்தால் சொந்தமே இல்லை."

இரண்டாவது. அன்றிரவு வேலை முடிந்து வர, ஊரிலிருந்து தம்பியின் அழைப்பு. அப்பாவின் ஏ40 பற்றி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மோர்கன். இங்கிலாந்தின் மோல்வேர்ண் என்ற ஊரில் எச்.எப்.எஸ். மோர்கன் என்பவர் மூன்று சில்லுக் கார்கள் செய்து தொடங்கிய குடும்பக் கொம்பனி. நான்கு சில்லுக் கார் 1936இல் விற்பனைக்கு வந்தது. அதன் அடிச்சட்டம் (ஊரில் செசி என்போமே, அதுதான்) ஏணி மாதிரியான உருக்குச் சட்டம். அதற்குமேல் ஆஷ் மரத்தால் கூடு கட்டி, அதன்மேல் தகடு அடிப்பார்கள். மோர்கனின் செசியே மரம் என்று பலபேர் நினைக்கிறார்கள். அது பிழை. மரம் மேற்கூட்டுக்கு மட்டும்தான். முன்சில்லுகளின் சஸ்பென்சன் முறையோ, முதல் மூன்று சில்லுக் காரிலிருந்து வந்தது.

அந்த உருக்குச் செசி காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டதே தவிர, அடிப்படையில் 1936இலிருந்து 2020 வரை ஓடியது. 84 வருடம்! எஞ்சின்கள் மட்டும் வந்து வந்து போயின. 1950இல் ஸ்டாண்டர்ட் கொம்பனியின் வான்கார்ட் எஞ்சின், 1968இல் ரோவரின் வி8. செசி பழசு என்றாலும் 1962இல் லு மான் 24 மணித்தியால ஓட்டத்தில் பிளஸ் 4 தன் வகுப்பில் முதலாவதாக வந்தது.

இடையில் ஒருமுறை புதுமை செய்து பார்த்தார்கள். 1960களின் நடுவில் பழைய செசியின்மேல் கண்ணாடியிழையால் மூடிய புது மேற்கூடு. பெயர் பிளஸ் 4 பிளஸ். விற்றது 26 கார்கள்தான். கீழே பழசு, மேலே புதுசு. இது தோற்றது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1990இல் பிபிசி தொலைக்காட்சியில் 'ட்ரபிள்ஷூட்டர்' என்று ஒரு தொடர் போனது. ஐசிஐ என்ற பெரிய கொம்பனியின் தலைவராக இருந்த சேர் ஜோன் ஹார்வி ஜோன்ஸ் கொம்பனி கொம்பனியாகப் போய்ப் புத்தி சொல்லுவார். மோர்கனுக்கும் போனார். கையால் தட்டித் தட்டிச் செய்வதையும், வாங்க வந்தவர்கள் வருடக்கணக்காகக் காத்திருப்பதையும் பார்த்துத் தலையில் கைவைக்காத குறை. உற்பத்தியைக் கூட்டுங்கள், முறைகளை நவீனமாக்குங்கள் என்றார். மோர்கன் குடும்பம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பெரும்பகுதியை ஏற்கவில்லை.

அந்தக் குடும்பம் பிடிவாதத்தால் வென்றது என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2000இல் அவர்களே ஏரோ 8 என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். அலுமினியத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்த புதுச் செசி, பிஎம்டபிள்யூ வி8 எஞ்சின். கீழ்ப்பகுதியை எல்லோரும் மெச்சினார்கள். முகத்தைத்தான் பகிடி பண்ணினார்கள். விளக்குகள் மாறுகண் மாதிரி இருந்தன. பிறகு அந்த விளக்குகளை மாற்ற வேண்டி வந்தது. 2019இல் ஜெனீவாக் கண்காட்சியில் சிஎக்ஸ் என்ற புத்தம்புது அலுமினிய அடித்தளம். சி என்றால் ரோம எண்ணில் 100, எக்ஸ் என்றால் 10. கொம்பனியின் 110 வருடத்துக்காக வைத்த பெயர். அதே 2019இல் இன்வெஸ்ட்இண்டஸ்ட்ரியல் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2020இல் பழைய உருக்குச் செசி நின்றது. ஆஷ் மரக்கூடு இன்றைக்கும் இருக்கிறது. ஏஸ் கபேயில் நான் ஏமாந்த கதை இதுதான்.

சரி, மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும்? அதற்கு எம்ஜிபி. 1962இல் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தது. அந்தக் காலத்தில் நவீனமான கார். தனிச் செசி இல்லை, உடம்பே செசி. 5 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. ஆனால் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கொம்பனிக்குள் அகப்பட்ட பிறகு, அதற்கு ஒரு வாரிசு செய்யக் காசு ஒதுக்கவில்லை. வரைந்த திட்டங்கள் மேசையிலேயே செத்தன. 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை ஒட்டி, காரை நிலத்திலிருந்து உயர்த்தினார்கள். ஓடும் சுகம் கெட்டது. 18 வருடம் இழுத்து, 1980இல் காரும் போய்த் தொழிற்சாலையும் மூடியது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டுமா? அதையும் அதே கொம்பனி செய்து பார்த்தது. 1975இல் ட்ரையம்ப் டிஆர்7. முழுக்கப் புது வடிவம், ஆப்பு மாதிரிக் கூர்மூக்கு. ஆனால் இந்த வகைக் காரை மக்கள் வாங்கியதே கூரையைத் திறந்து காற்று வாங்கத்தான். டிஆர்7 மூடிய கூரையோடு மட்டும் வந்தது. திறந்த கூரை வர 1979 ஆனது. 1981இல் அதுவும் முடிந்தது.

1989இல் ஜப்பானின் மாஸ்டா ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. எம்எக்ஸ்-5. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், இரண்டு இருக்கை, திறந்த கூரை. இங்கிலாந்துக்காரனின் பழைய கருத்து, ஆனால் ஒவ்வொரு பாகமும் புதுசு. மழைக்கு ஒழுகாது, காலையில் ஸ்டார்ட் வரும். 2016இல் பத்து இலட்சமாவது காரைச் செய்தார்கள். அபிங்டன் செய்திருக்க வேண்டியதை ஹிரோசிமா செய்தது.

போர்ஷேயும் இதைக் கற்றுத்தான் வந்தது. 1963இல் காட்டிய 911க்கு வயதாகிவிட்டது என்று 1977இல் 928 என்ற முற்றிலும் வேறான காரைக் கொண்டுவந்தார்கள். 1981இல் பீற்றர் ஷுற்ஸ் தலைவராக வந்தபோது, சுவரிலிருந்த திட்ட அட்டவணையில் 911இன் கோடு முடிகிற இடத்திலிருந்து பேனையால் கோட்டைச் சுவர்வரைக்கும் இழுத்தார் என்பது பிரபலமான கதை. அதோடு கதை முடியவில்லை. 1997இல் அதே 911ஐ அடியோடு மாற்றி, காற்றால் குளிர்ந்த எஞ்சினைத் தண்ணீரால் குளிர வைத்தார்கள். ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். கார் பிழைத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கொம்பனி. 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் செய்தவர்கள். அந்த ஹெரால்டின் செசியைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிற்பயர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதே சென்னைக் கொம்பனி 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசுக் காரைக் கொண்டுவந்தது. உடம்பு, இங்கிலாந்தில் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர். உள்ளே? 1940களில் பிறந்த வான்கார்ட் எஞ்சினின் வழிவந்தது! 1950இல் மோர்கனுக்குள் போனதாக மேலே சொன்னேனே, அதே குடும்பம். பாரமான உடம்பை அந்தக் கிழட்டு எஞ்சினால் இழுக்க முடியவில்லை. 1988இல் தொழிற்சாலையே மூடியது. மேலே புதுசு, உள்ளே பழசு. பிளஸ் 4 பிளஸ் தோற்ற அதே இடத்தில் இதுவும் தோற்றது.

இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். "வயதாகிவிட்டது, மாற்ற வேண்டுமா?" என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. காரில் இரண்டு விதமான பகுதிகள் இருக்கின்றன. ஒன்று பாரத்தைத் தாங்குவது. மற்றது ஆட்கள் விரும்புவது. பாரம் தாங்குவதற்கு வயதானால் மாற்றத்தான் வேண்டும், அதில் இரக்கம் பார்க்கக்கூடாது. கையில் காசும் நேரமும் இருக்கும்போதே மாற்ற வேண்டும். விரும்புவதை மாற்றினால், பிறகு அதை வாங்க யாரும் வரமாட்டார்கள்.

இனித் தம்பியின் கதை.

அப்பா சுன்னாகத்தில் ஹயர் ஓடிய கார் ஒஸ்ரின் ஏ40 கேம்பிரிட்ஜ். 1950களின் வண்டி. அதற்குள் இருந்த 1,200 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1,798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம், பி சீரிஸ். ஸ்போர்ட்ஸ் காருக்கும் எனக்கும் உள்ள சொந்தம் அவ்வளவுதான்! 1990களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு இரவில் எங்கள் வீட்டு ஆறு பேரும் பக்கத்து வீட்டு ஆச்சியும் அந்தக் காரில்தான் நாவற்குழியால் தென்மராட்சிக்குப் போனோம். எனக்கு அப்போது 13 வயது. விடியும்வரை ஊர்ந்தோம். அப்பா ஒவ்வொரு கொஞ்சத் தூரத்துக்கும் இறங்கி றேடியேற்றருக்குத் தண்ணி விட்டது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு நான் கம்பசுக்குப் போனதும், படிப்பு 2006இல் பாதியில் நின்றதும், இங்கே வந்து கோப்பை கழுவியதும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பா 2019இல் போய்விட்டார். கார் தம்பியிடம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களுக்கு மவுசு வந்தது. 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள். தம்பி இன்னமும் அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறான்.

"அண்ணை, அடித்தட்டு உக்கிப் போச்சு. பிறேக்கும் சரியில்லை. மெக்கானிக் சொல்லுறார், அடியை முழுக்க வெட்டிப் புதுத்தகடு ஒட்டி, ஜப்பான் எஞ்சினும் டிஸ்க் பிறேக்கும் போடலாமாம். என்ன செய்யட்டும்?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "ஒண்டையும் தொடாதை. அது அப்பான்ர கார்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, நீங்கள் அதில கடைசியா எப்ப ஏறினனீங்கள்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காருக்கும் எம்ஜிபி மாதிரித் தனிச் செசி இல்லை, உடம்புதான் செசி. அடித்தட்டு உக்கினால் காரே உக்கியது மாதிரி. சீட் பெல்ட்டும் இல்லை. அதற்குள் இருப்பது என்னுடைய ஞாபகம் இல்லை, அவனுடைய இரண்டு பிள்ளைகள். லண்டனில் இருந்துகொண்டு எதையும் மாற்றாதே என்று சொல்வது எனக்குச் சுகம். ஓடுகிறவன் அவன். ஊரைப் பற்றி நாங்கள் இங்கிருந்து சொல்கிற எத்தனை 'மாற்றாதீர்கள்' இப்படிப்பட்டவை என்று அன்றிரவு நித்திரை வராமல் யோசித்தேன்.

அடுத்தநாள் காசு அனுப்பினேன். அடியை முழுக்க மாற்றச் சொன்னேன். எஞ்சின், பிறேக், பெல்ட் எல்லாம் அவன் விருப்பம். ஒன்றே ஒன்று கேட்டேன். முன் கிறில்லையும், அப்பா பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அந்தப் பெரிய ஸ்டியரிங்கையும் விட்டுவிடச் சொன்னேன்.

"அதை ஆர் கழட்டப் போறது" என்றான்.