வெருளிக்குப் பழகும் கிளி

‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்பது கூண்டின் முன்னால் நின்றவர்களின் பேச்சு. வயல் வட்டையில் காவல் நின்றவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரம் நெருங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு மேற்கே வயல்தான். கதிர் பால் பிடிக்கும் நாட்களில் அங்கே கிளிக்கூட்டம் இறங்கும். கதிரை அலகால் கத்தரித்து, காலில் பிடித்துக்கொண்டு, நாலு மணியைப் பிதுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். அடுத்தது இன்னொரு கதிர். தின்றதைவிட வீணானது அதிகம். அதனால்தான் வெருளி கட்டினார்கள், தகரம் தட்டினார்கள், வாடியில் ஆள் வைத்தார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் பின் பல வட்டைகளில் சிறுபோகமும் நிலைபெற, கிளிக்கு ஆண்டில் இரண்டு தடவை பந்தி. ஆனால் கிளி விரட்டுவது தமிழில் மிகப் பழைய தொழில். தினைப்புனக் காவலுக்கே குறிஞ்சிப்பாட்டு தழல், தட்டை, குளிர் என்று பல கருவிகளைச் சொல்கிறது. ஒரே கருவி எந்நாளும் பலித்திருந்தால் இத்தனை எதற்கு? கிளி கற்றுக்கொண்டே வந்தது, காவலும் மாறிக்கொண்டே வந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

பழகிப்போவது அறிவாகுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பயம் தெளிவது கல்வியின் முதற்படி மட்டுமே. ஆனால் அசையாத வெருளியின் தோளில் உட்காரும் பறவை, கவண் எடுத்த கையைக் கண்டதும் எழும்பிவிடுகிறது. வெறும் மிரட்டலையும் மெய்யான ஆபத்தையும் அது பிரித்தறிகிறது. பேச்சு வெறும் ஒலிதானே என்பது அடுத்த மறுப்பு. 1977இல் ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பேர்க் சிக்காகோ கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளி அதற்குப் பதில் தந்தது. இரண்டு பொருட்களைக் காட்டி என்ன வித்தியாசம் என்று கேட்டால் நிறம், வடிவம் என்று சொல்லும். வித்தியாசமே இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். பழகிய பொருளுக்கு மனப்பாடமாய்ப் பதில் சொன்னதோ என்ற சந்தேகத்துக்காக, முன்பு காணாத பொருட்களைக் கொண்டும் சோதித்தார்கள். சாம்பல் கிளியின் பெருமையை நம் பச்சைக்கிளிக்கு அப்படியே கொடுத்துவிட முடியாதுதான். ஆனாலும் அலெக்ஸ் கற்ற முறையைக் கவனிக்க வேண்டும். இரண்டு மனிதர் அதன் முன்னால் கேள்வியும் பதிலுமாகப் பேசினார்கள். பார்த்துப் பார்த்து அது கற்றது. பாரசீகத்தில் கிளியின் முன் கண்ணாடி வைத்து, அதன் பின்னால் மறைந்திருந்து பேசிக் கற்பித்ததை மௌலானா ரூமி மஸ்னவியில் சொல்கிறார். எதிரே இருப்பது தன் இனம் என்று நம்பித்தான் கிளி பேசக் கற்றதாம்.

கிளிக்குக் கல்வி கூட்டத்தோடு வருவது. பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து எடுத்து வந்த குஞ்சு நம் சொல்லைச் சொல்கிறதென்றால், அதற்குப் பேச வேறு துணை இல்லை. வீட்டில் பிள்ளைகள் கிளி கேட்டால் வட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பொந்தில் கை வைக்க விடாதீர்கள்.