கஞ்சமலை இரும்பும் அயல்நாட்டு முதலும்: பரங்கிப்பேட்டை இரும்பாலையின் வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளிக்கு அயல்நாட்டு முதலீடு புதிதன்று. இன்றைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் இரும்புத் தாதை நம்பி, இங்கிலாந்து நாட்டுப் பணம் இப்பகுதிக்கு வந்தது. 1830-இல் கடலோரப் பரங்கிப்பேட்டையில் தொடங்கப்பட்ட இரும்பாலையே அதன் விளைவு. ஐரோப்பிய முறையில் இந்தியாவில் இரும்பு உருக்கப் பெருமளவில் செய்யப்பட்ட முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. தாது நல்ல தாது. அரசின் ஆதரவும் இருந்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் முடிவதற்குள் உலைகள் அணைந்துவிட்டன. வளரும் பொருளாதாரம் ஒன்றில் முதலீடு செய்ய வருபவருக்கு எது வாய்ப்பாகத் தெரிகிறது, எது பின்னர் இடையூறாக நிற்கிறது என்பதை இந்த ஆலையின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

மலையும் ஆறும்

கஞ்சமலையில் கிடைப்பது காந்தத் தன்மையுள்ள மாக்னடைட் தாது. வெள்ளைக் கல்லும் கருந்தாதுவும் மாறி மாறி அடுக்குகளாக அமைந்திருக்கும். இதில் இரும்பின் அளவு சுமார் 35 முதல் 40 விழுக்காடு. ஆகவே வெட்டியெடுத்த தாதை அப்படியே கொண்டுசென்றால், பாதிக்கு மேல் கல்லைச் சுமந்ததாகிவிடும். உள்ளூர் மக்கள் இதை அறிந்திருந்தனர். ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை நீரில் அலசி, கனமான பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டனர்.

கஞ்சமலையிலிருந்து பரங்கிப்பேட்டை நேர்கோட்டிலேயே சுமார் 180 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் தாது காவிரிக் கரைக்கு வந்து, பரிசல்களில் ஏறி, ஆற்று வழியாகக் கொள்ளிடம் சென்று கடலோரத்தை அடைய வேண்டும். சங்ககிரிப் பக்கத்திலிருந்து காவிரியில் இறங்கும் எந்தச் சரக்கும் ஈரோடு, கொடுமுடி, மோகனூர் ஆகிய ஊர்களைக் கடந்துதான் திருச்சிராப்பள்ளியை எட்டும். மோகனூர் காவிரியின் வடகரையில் உள்ள பழைய ஊர், எதிர்க்கரையில் வாங்கல். கடைசிவரை பரிசல் துறையாக இருந்த இடம் இது. மேட்டூர் அணை 1934-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஆற்றில் நீர் வருவதும் வற்றுவதும் மழையைப் பொறுத்ததே. ஆடிப் பெருக்கில் பரிசல் விடுவது ஆபத்து; மாசி, பங்குனியில் மணல்தான் மிஞ்சும். ஆண்டு முழுவதும் எரிந்தாக வேண்டிய ஓர் உலைக்கு, ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஓடும் ஆறு வழித்தடமாக அமைந்தது.

உள்ளூர் உலைகள்

ஹீத் வருவதற்கு முன்பே சேலம் பகுதியில் இரும்புத் தொழில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆளுயரத்துக்கும் குறைவான களிமண் உலைகள், ஆட்டுத்தோல் துருத்திகள், அருகிலுள்ள காட்டின் கரி ஆகியவையே அதன் மூலதனம். இதில் கிடைத்த தேனிரும்பிலிருந்து எஃகும் செய்தனர். இரும்புத் துண்டைச் சிறு களிமண் மூசைக்குள் வைத்து, உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் எருக்கிலை போன்ற பச்சை இலைகளையும் சேர்த்து, வாயை மண்ணால் அடைத்துவிடுவர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால், ஒவ்வொரு மூசையிலும் ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ள எஃகுக் கட்டி உறைந்திருக்கும். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தது இவ்வகை எஃகையே. இம்முறையை விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஹீத்தும் ஒருவர்.

இந்த உலைகள் சிறியவை என்பதால் ஐரோப்பியர் பலர் இவற்றைக் குறைவாகவே மதித்தனர். ஆனால் சிறியதாக இருந்ததே அவற்றின் பலம். ஓரிடத்தில் விறகு குறைந்தால் உலையை இடித்துவிட்டு விறகு உள்ள இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பெரிய ஊது உலையை அப்படி நகர்த்த முடியாது.

ஹீத்தின் கணக்கு

ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாகப் பணியாற்றினார். இரும்புத் தொழிலில் பயின்றவர் அல்லர். ஆனால் சேலத்துத் தாதின் தரத்தை நேரில் கண்டவர். அந்நாளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர எஃகுத் தொழிலாளர் சுவீடன், ரஷ்யா ஆகிய நாடுகளின் கரி உலை இரும்பையே பெரிதும் நம்பியிருந்தனர். அதே தரமுள்ள இரும்பைப் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்திலிருந்து, குறைந்த கூலியில் அனுப்ப முடியுமானால் பெருத்த லாபம் உண்டு. இதுவே ஹீத்தின் கணக்கு. கணக்கில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது.

அக்காலச் சட்டநிலையையும் கவனிக்க வேண்டும். 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் வரும்வரை, கம்பெனியின் உரிமம் இல்லாமல் ஓர் ஐரோப்பியர் இங்கே தங்கித் தொழில் செய்வதும் நிலம் வைத்துக்கொள்வதும் எளிதல்ல. ஹீத்துக்கோ கம்பெனியின் உள்வட்டத் தொடர்பு இருந்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமை, முன்பணம், விறகு வெட்டும் உரிமை ஆகியவை அவருக்குக் கிடைத்தன. 1833-இல் பரங்கிப்பேட்டை எஃகு, இரும்புக் கம்பெனி உருவாயிற்று. மலபார்க் கரையில் பேப்பூரிலும் உலைகள் எழுந்தன.

பரங்கிப்பேட்டை வார்ப்பிரும்பு இங்கிலாந்துக்குச் சென்றது. தரத்தில் குறை சொன்னவர் இல்லை. மெனாய் நீரிணையின் மீதுள்ள பாலங்களுக்கு இந்த இரும்பு பயன்பட்டதாகப் பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள தொங்குபாலம் 1826-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அப்போது பரங்கிப்பேட்டை ஆலையே இல்லை. ஆகவே 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா ரயில் பாலத்தைப் பற்றி மட்டுமே அப்படிச் சொல்ல இடமுண்டு.

விறகுக்குத் தோற்ற தாது

தாதுக்குப் பஞ்சம் இல்லை, விறகுக்குத்தான் பஞ்சம். கரி உலையில் ஒரு டன் வார்ப்பிரும்பு எடுக்கப் பல டன் மரம் எரிய வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு அருகிலிருந்த காடுகள் ஈடுகொடுத்தன. பிறகு விறகு வண்டிகள் மேலும் மேலும் தொலைவு போக வேண்டியதாயிற்று. வண்டி வாடகை இரும்பின் விலையைத் தின்றது. வெட்டிய காடு மீண்டும் வளரும்வரை காத்திருக்கும் திட்டம் எதுவும் இல்லை. விறகு வெட்டும் உரிமையைக் காகிதத்தில் கொடுப்பது அரசுக்கு எளிது. காட்டில் மரம் இருப்பது வேறு செய்தி. அதே காட்டில் விறகு, ஏர்க்கால், மேய்ச்சல் ஆகியவற்றைத் தேடிய ஊர்மக்களைப் பற்றி அந்த ஏற்பாட்டில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் 4,00,000 பவுண்டு மூலதனத்துடன் புதிய நிறுவனம் வந்தது. உலையையே விறகும் தாதும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக முயன்றது. அதன்படி காவிரிக் கரையில் பூலாம்பட்டியில் ஓர் உலை கட்டப்பட்டது. யோசனை சரியானது, ஆனால் இருபது ஆண்டுகள் தாமதமானது. 1858-இலேயே அந்த உலை நின்றது. 1860-களில் பரங்கிப்பேட்டை, பேப்பூர் உலைகளும் அணைந்தன. 1874-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதற்கிடையே ரயில் வந்தது. 1862-க்குள் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர்வரை தண்டவாளம் போடப்பட்டது. தாதைச் சுமக்க ஹீத்துக்குத் தேவைப்பட்ட வழி இதுவே. ஆனால் தொடக்கத்தில் இந்த ரயில் எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடின. உலைக்குப் போக வேண்டிய மரத்தை ரயில் எடுத்துக்கொண்டது. நிலக்கரியில் உருக்கப்பட்ட மலிவான இங்கிலாந்து இரும்பையும் உள்நாட்டுச் சந்தைக்கே கொண்டுவந்து இறக்கியது. உள்ளூர்க் களிமண் உலைகளும் இந்தப் போட்டியில்தான் மெல்ல மெல்ல அழிந்தன.

முதலீட்டாளரின் நிலையிலிருந்து பார்த்தால் இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்திய ரயில் கம்பெனிகளில் பணம் போட்ட பிரிட்டிஷாருக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானத்தை அரசே உறுதி செய்தது. குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது. இரும்பாலைக்கு அத்தகைய உறுதி இல்லை. லண்டனில் உள்ளவர் எதில் பணம் போடுவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்குவதில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர் அம்முறையைச் சிறிது மாற்றி, உரிமைத்தொகை தராமலே பயன்படுத்தினர். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அவர் இறந்த பின்னர், 1855-இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மேட்டூரில் மறுபடியும்

நூறாண்டுக்குப் பின் இதே கதை வேறு உலோகத்தில் நடந்தது. சேர்வராயன் மலையின் பாக்சைட் தாதையும் மேட்டூரின் மின்சாரத்தையும் நம்பி, இத்தாலியின் மோன்டகாட்டினி நிறுவனத்தின் கூட்டுறவுடன் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அணை கட்டிய காலத்தில் மிகுதியாகத் தோன்றிய மின்சாரம், பாசனப் பம்புசெட்டுகளும் நகரங்களும் ஆலைகளும் பெருகியபோது போதாமல் போயிற்று. மின்வெட்டும் கட்டண உயர்வும் ஆலையை நலிவுறச் செய்தன. 1995-இல் அது ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறியது. கொல்லிமலையில் பாக்சைட் வெட்டுவதைப் பற்றிய எதிர்ப்பும் வழக்கும் பின்னர் எழுந்தன. 2008-இன் இறுதியில் உருக்காலை நின்றது. அன்று விறகு, இன்று மின்சாரம்.

கஞ்சமலை அடிவாரத்தில் இப்போது இருப்பது இந்திய அரசின் சேலம் உருக்காலை. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் இந்த ஆலை கஞ்சமலைத் தாதைப் பயன்படுத்துவதில்லை. அத்தாதை வெட்டியெடுக்கும் திட்டம் 2000-களில் மீண்டும் பேசப்பட்டபோது, மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் எதிர்த்தன.

மோகனூர் ஆலை

ஹீத்தின் பரிசல் வழியில் இருந்த மோகனூரிலும் பின்னர் ஓர் ஆலை வந்தது. 1960-களில் தொடங்கிய சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் அதன் பெயரில் சேலம் நீடிக்கிறது. இங்கே அயல்நாட்டுப் பணம் இல்லை. கரும்பு விளைவிப்போரே பங்குதாரர்கள். எரிபொருளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பிழிந்த கரும்பின் சக்கையே கொதிகலனுக்குள் போகிறது. ஹீத்தை வீழ்த்திய சிக்கல் இந்த ஆலைக்குப் பிறப்பிலேயே இல்லை. ஆனால் மேட்டூரில் நீர்மட்டம் குறைந்து, ராஜவாய்க்காலிலும் கிணறுகளிலும் தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் கரும்புப் பரப்பு சுருங்கிவிடும். ஆலையின் அரவை நாட்களும் அதோடு குறையும்.