யெல்லோஸ்டோனில் கேரவன் பயணம்: நாயோடு போகும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

அமெரிக்காவில் குடியேறிய மகனையோ மகளையோ பார்க்க மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகும் பெற்றோரை, கோடை விடுமுறையில் பிள்ளைகள் அழைத்துச் செல்லும் இடங்களில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் ஒன்று. தங்கும் விடுதியில் அறை எடுக்காமல், படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ‘ஆர்வி’ எனப்படும் பெரிய கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பமாகக் கிளம்புவது அங்கே சாதாரண வழக்கம். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாயும் இருந்தால், அதை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வராது. அதையும் ஏற்றிக்கொள்வார்கள்.

நாயை ஏற்றிய பிறகு அது வேறு விதமான பயணம். எங்கே நிற்பது, யார் இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையெல்லாம் நாய்தான் முடிவு செய்யும். இது தெரியாமல் போகும் குடும்பங்கள் முதல் நாளே வாயிலில் கொடுக்கும் விதிமுறைத் தாளைப் பார்த்து எரிச்சலடைகின்றன. ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் உயிர்ப்பலி இருக்கிறது.

யெல்லோஸ்டோன் 1872-இல் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் இருக்கின்றன. கொதிநீர் ஊற்றுகள், சேற்றுக் குழிகள், நீராவித் துளைகள் என்று பூமிக்கடியிலிருந்து வெப்பம் வெளியேறும் இடங்கள் அங்கே சுமார் 10,000 உள்ளன. 500-க்கும் அதிகமானவை நீரை வானத்தில் பீய்ச்சும் ஊற்றுகள். பார்ப்பதற்குப் பல குளங்கள் நீச்சல் குளம்போல நீலமாக, தெளிவாக, அமைதியாக இருக்கும். நாய்க்கு அது குடிக்கவும் குதிக்கவும் ஏற்ற தண்ணீர்தான்.

1981 ஜூலையில் நடந்தது இது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த இரு நண்பர்கள் ஃபவுண்டன் பெயின்ட் பாட் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஒருவருடைய நாய் வண்டியிலிருந்து தப்பி ஓடி, பக்கத்திலிருந்த செலஸ்டீன் குளத்தில் குதித்துவிட்டது. தண்ணீரின் வெப்பம் சுமார் 94 டிகிரி செல்சியஸ். நாய் கத்துவதைக் கேட்ட 24 வயது நண்பர், சுற்றியிருந்தவர்கள் வேண்டாம் என்று கூவியும் கேட்காமல் தலைகீழாகப் பாய்ந்தார். நாயும் பிழைக்கவில்லை, அவரும் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. 2021 அக்டோபரில், மேடிசன் சந்திப்புக்கு அருகே, தந்தையும் 20 வயது மகளும் காரை நிறுத்தி இறங்கினார்கள். காரிலிருந்த நாய் வெளியே தாவி ஒரு கொதிநீர் ஊற்றில் விழுந்தது. அதைக் காப்பாற்ற இறங்கிய மகளுக்குத் தோளிலிருந்து பாதம் வரை தீக்காயம். தந்தை அவரை வெளியே இழுத்தார். நாய் இறந்துவிட்டது.

இரண்டு சம்பவங்களிலும் நாய் கயிற்றில் இல்லை என்பதும், இரண்டும் கார் நிறுத்திய சில நிமிடங்களில் நடந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. யாரும் காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து போய் ஆபத்தில் மாட்டவில்லை. ஆகவே இந்தப் பூங்காவில் மிக முக்கியமான பழக்கம், வண்டியின் கதவைத் திறப்பதற்கு முன் நாயின் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டுவது. அந்தக் கயிற்றைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்வது. எட்டு வயதுப் பேரனிடம் கொடுக்கும் வேலையல்ல அது. பெரிய நாய் இழுத்தால் பிள்ளையும் சேர்ந்து போகும்.

கயிறு ஆறடிக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அனைத்துக்கும் பொதுவான விதி. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதை 15 அடிக்கு விட்டுக்கொண்டு நடப்பது அங்கே செல்லாது. நாயை மரத்திலோ மேசைக்காலிலோ கட்டிவிட்டுப் போவதும் கூடாது. யெல்லோஸ்டோன் இன்னும் ஒரு படி கடுமையானது. சாலை, வாகன நிறுத்துமிடம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள், அதாவது சுமார் 30 மீட்டருக்குள்தான் நாய் இருக்கலாம். நடைபாதைகளிலும், ஊற்றுகளைச் சுற்றிப் போடப்பட்ட பலகைப் பாதைகளிலும் அதற்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதன் பொருள் என்ன? உலகப் புகழ்பெற்ற ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றைக் குடும்பம் முழுவதும் ஒன்றாக நின்று பார்க்க முடியாது. ஒருவர் நாயோடு பின்தங்க வேண்டும். அந்த ஊற்று ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பீய்ச்சுகிறது. ஆகவே ஒரு பாதிக் குடும்பம் முதல் முறை, மறு பாதி அடுத்த முறை என்று முறை வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் நடப்பது வேறு. “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கிறேன்” என்று ஒவ்வொரு இடத்திலும் பாட்டிதான் நாயோடு உட்கார்ந்துவிடுகிறார். அத்தனை தூரம் பறந்து வந்தவர் வாகன நிறுத்துமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது நியாயமில்லை. யார் எந்த நாளில் நாயோடு இருப்பது என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் பகல் நேரத்துக்கு நாயை ஒப்படைக்கும் காப்பகங்களையும் விசாரிக்கலாம். அங்கே தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றின் நகல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கரடி நடமாடும் முகாம்

யெல்லோஸ்டோனுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றையும் வண்டியிலேயே இணைத்துக்கொள்ளும் வசதியுள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பூங்கா. யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்துக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரமே 2,032 மீட்டர்தான். கோடையிலும் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். நாய்க்கும் ஒரு போர்வை வேண்டும்.

இங்கே கூடாரம் போட அனுமதி இல்லை. துணிச்சுவர் கொண்ட மடிப்பு வண்டிகளுக்கும் இடம் இல்லை. கெட்டியான சுவருள்ள வண்டி மட்டுமே. காரணம், இது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி. கரடியின் மூக்கு நாயின் மூக்கைவிடக் கூர்மையானது. கருவாட்டுக் குழம்பு வைத்த சட்டியை இரவில் வெளி மேசையில் விட்டுவிடுவது எப்படிப்பட்ட அழைப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலர் மறப்பது நாயின் உணவுக் கிண்ணத்தை. நாய்த் தீனி மூட்டை, சாப்பிட்ட கிண்ணம் இரண்டுமே உணவுப் பொருளாகத்தான் கருதப்படும்; வண்டிக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்.

கரடியைக் கண்டால் நாய் காக்கும் என்று தோட்டப்புறத்தில் பன்றியை விரட்டும் நாய்களைப் பார்த்துப் பழகியவர்கள் நினைக்கலாம். இங்கே அது நேர்மாறாக முடியும். அவிழ்த்துவிட்ட நாய் கரடியிடம் போய்க் குரைத்து, அது துரத்தியதும் எசமானைத் தேடித் திரும்பி ஓடிவரும். பின்னாலேயே கரடியும் வரும். கரடி, ஓநாய் இவற்றிலிருந்து குறைந்தது 91 மீட்டரும், காட்டெருமை போன்ற மற்ற பெரிய விலங்குகளிலிருந்து 23 மீட்டரும் தள்ளி நிற்பது கட்டாயம். சாதுவாக மேயும் காட்டெருமைதான் யெல்லோஸ்டோனில் வேறெந்த விலங்கையும்விட அதிகமானோரைக் காயப்படுத்தியிருக்கிறது.

போகும் வழியில் வெயில்

பூங்கா குளிர்ந்த இடம். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி அப்படியல்ல. சால்ட் லேக் சிட்டியிலிருந்து புறப்பட்டால் பூங்காவின் மேற்கு வாயில் சுமார் 500 கிலோமீட்டர். ஜூலையில் அந்தத் தாழ்நிலங்களில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். இடையில் தனியார் முகாம்களில் தங்கும்போது, நாயை வண்டிக்குள் குளிர்சாதனத்தோடு விட்டுவிட்டு எல்லாரும் கடைக்குப் போவது வழக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முகாமில் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என இரு வகை இணைப்புகள் உண்டு. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட். எனவே 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமாக 3,600 வாட் மட்டுமே கிடைக்கும். கூரைக் குளிர்சாதனம் ஒன்றே சுமார் 1,500 வாட் எடுக்கும். அதோடு மைக்ரோவேவும் மின்கெண்டியும் சேர்ந்து ஓடினால் கணக்கு 4,500-ஐத் தொடும், பிரேக்கர் விழுந்துவிடும். (நம் வீட்டு 240 வோல்ட் மிக்ஸியைக் கொண்டுபோவதில் பயனில்லை, அங்கே அது முனகும், அரைக்காது.) ஆட்கள் இருக்கும்போது பிரேக்கர் விழுந்தால் தூக்கிவிடலாம். நாய் மட்டும் இருக்கும்போது விழுந்தால் தூக்க ஆளில்லை. வெயில் உச்சத்தில் முகாமிலுள்ள எல்லா வண்டிகளிலும் குளிர்சாதனம் ஓடும். அப்போது மின்னழுத்தம் குறைந்து, வண்டியின் பாதுகாப்புக் கருவியே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதும் உண்டு.

குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்த வண்டி பிறகு என்னவாகும்? வெளியே 21 டிகிரியே இருந்தாலும், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் வெப்பம் சுமார் 40 டிகிரியை எட்டுகிறது. கேரவன் பெரியது என்பதால் சற்று மெதுவாகச் சூடேறலாம். ஆனால் வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் அந்தச் சலுகையை நம்பி நாயை விட முடியாது. நாய்க்கு மனிதர்போல வியர்வை ஓடாது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது.

உள்ளே வெப்பம் ஏறினாலோ மின்சாரம் போனாலோ கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் விற்கின்றன. பலரும் அதை நம்புகிறார்கள். செய்தி வரும்போது திரும்பி வர ஒரு மணி நேரமாகும் தூரத்தில் இருந்தால் கருவியால் பலனில்லை. மேலும் யெல்லோஸ்டோனின் பெரும்பகுதியில் கைப்பேசி இணைப்பே கிடைக்காது. வெயில் நாளில் நாயோடு ஒருவர் இருப்பதுதான் சரி.

குரைப்பும் ஒரு பிரச்சினை. முகாமில் வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். புது இடத்தில் தனியாக விடப்பட்ட நாய் ஓயாமல் குரைக்கும். பக்கத்து வண்டிக்காரர் அலுவலகத்தில் சொன்னால் எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம். நாயின் கழிவைப் பையில் எடுத்துக் குப்பையில் போடாதவர்களுக்கும் அதே கதி.

மனிதக் கழிவு விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேரவனில் கழிவறைக்கு ஒரு தொட்டி, குளியல் மற்றும் பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு வேறொரு தொட்டி. முகாமில் குழாயை இணைத்ததும் இரண்டு வால்வையும் திறந்தே விட்டுவிடுவார்கள். கழிவறைத் தொட்டியைத் திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். கெட்டியானது அடியில் குவிந்து இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் திறக்க வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, அடுத்துக் குளியல் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். குடிநீர்க் குழாயைக் கழிவுக் குழாயோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது.

கிளம்பும் காலையில்தான் நாய்கள் அதிகம் தப்புகின்றன. ஒருவர் கழிவுக் குழாயைக் கழற்றுவார், ஒருவர் மின்கம்பியைச் சுருட்டுவார், பிள்ளைகள் கதவைத் திறந்து போட்டுவிட்டு நாற்காலிகளை ஏற்றுவார்கள். நாயைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் முதலில் நாயைக் காலைக்கடனுக்கு நடத்தி, கூண்டில் ஏற்றிப் பூட்டிவிட்டு, அதன் பிறகு மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். வண்டி நகரும் முன் கூண்டு ஒருமுறை, வண்டியின் அடிப்பக்கம் ஒருமுறை.