பயின்ற புள்ளும் பனிக்கால வேட்டமும்

மார்கழியும் தையும் நம் தங்கவயலில் குளிர் மிகும் திங்கள்கள். சயனைடு மேடுகளின்மீது பனி படர்ந்து கிடக்கும் காலைப்பொழுதில் வானத்தை அண்ணாந்து நோக்குவார்க்கு, வேனிலிற் காணாத பறவைகள் சில அங்கு வட்டமிடுவது புலனாகும். பைரி எனப்படும் பெருவல்லூறும் பூனைப்பருந்தும் வடபுலத்துக் கடுங்குளிருக்கு ஒதுங்கி இத்தென்னாட்டுக்கு வருவன; பங்குனி கழியுமுன் மீள்வன. அவை பனிக்கு அஞ்சி வந்தன. நம் முன்னோர் வடஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் பஞ்சத்துக்கு அஞ்சி வந்தனர். அவை மீண்டன, நாம் மீளவில்லை. அவ்வளவே வேற்றுமை.

இத்தகைய புட்களைப் பிடித்துப் பழக்கி, கையில் ஏந்திச் சென்று, முயலையும் கவுதாரியையும் வேட்டையாடும் கலை ஒன்று நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. மன்னர் வரலாறுகளில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் அக்கலையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

முயல் வேட்டை தமிழர்க்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் வலை கட்டி, நாயை ஏவி, முயலை வளைத்துப் பிடிக்கும் காட்சி உண்டு. நம்மிற் பலருடைய பாட்டனார் பிறந்த தொண்டை நாட்டுக் காட்சியே அது. ஆனால் அங்கு வேட்டைத் துணை நாயேயன்றிப் புள்ளன்று. எழால் என்னும் பெயரால் சங்கப் புலவர் சுட்டும் பறவை, புறவை வெருட்டும் கொடிய புள்ளாகவே வருகின்றது. புறவின் துயர் துடைக்கத் தன்னையே ஈந்த செம்பியன் கதையிலும் பருந்து துரத்தி வரும் பகையே. பழக்கிய புள்ளை வேட்டைக்கு விடுத்த செய்தி எதனையும் அப்பாடல்களில் யான் கண்டிலேன்.

அச்செய்தியைக் காண நாம் கன்னட நாட்டை நோக்குதல் வேண்டும். கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுக்களைப் பொறித்து வைத்த சோழர் ஆட்சி, 1116ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனனால் இப்பகுதியில் முடிவுற்றது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்குள், கலியாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் மானசோல்லாசம் என்னும் வடமொழிப் பெருநூல் எழுந்தது. அரசர்க்குரிய பொழுதுபோக்குகளை விரித்துரைக்கும் அந்நூல், சியேன விநோதம் என வல்லூற்று வேட்டைக்குத் தனி இடம் அளிக்கின்றது. பின்னர்க் குமாவுன் நாட்டு மன்னன் உருத்திரதேவன் சியைனிக சாத்திரம் என இக்கலைக்கே தனி நூல் இயற்றினான். அது 1910இல் கல்கத்தாவில் அச்சேறியது.

விசயநகரக் காலத்தில் இக்கலையின் சுவடு ஓர் அரச மரபின் பெயரிலேயே பதிந்துவிட்டது. 1485இல் அரியணையைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மனின் குடிப்பெயரிலுள்ள ‘சாளுவ’ என்னும் சொல், வேட்டைக்குப் பயன்படும் வல்லூற்றைக் குறிப்பது என்பர் ஆய்வாளர். அம்மரபின் முன்னோனாகிய சாளுவ மங்கு, குமார கம்பணனுடன் தென்னாட்டுப் படையெடுப்பிற் சென்றவன். அக்கம்பணன் அரசப் பிரதிநிதியாய் வீற்றிருந்த இடம் நமக்கு அண்மையிலுள்ள முல்பாகல்! பேருந்தேறி நாம் சென்று மீளும் அவ்வூர்த் தெருக்களில் வல்லூறு ஏந்திய கைகளும் நடந்திருக்கலாம். இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட என்னால் இயலாது. நினைத்துப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு.

இனி, முயலைப் பிடிக்க வல்ல புள் யாது? நம் லைன் வீடுகளின் முற்றத்தில் கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்லும் சிறு வல்லூறு அதற்குப் போதாது. காடை, மைனா, கவுதாரி ஆகியவற்றின்மேல்தான் அதனை விடுவர். நம் நாட்டு முயலோ, வளை தோண்டிப் பதுங்கும் மேனாட்டு முயல் போன்றதன்று. புல்லிடைச் சிறு பள்ளத்திற் கிடந்து, கால் வேகத்தையே நம்பி வாழ்வது. வல்லூற்றினும் பன்மடங்கு எடையுள்ளது. அதனை மடக்க, பாஜ் என வடநாட்டார் போற்றும் பெரும்புள் வேண்டும். பறவைகளில் ஆணினும் பெண் பெரிதாகும் இனம் இது; ஆகவே பெண்புள்ளே முயலுக்கு உரியது. ஆணுக்கு ஜுர்ரா என்று வேறு பெயர். இமயத்துக் காடுகளில் வாழும் இப்புள் தெற்கே தானாக வருவதில்லை. கோலார் முயலை எந்நாளேனும் பாஜ் பிடித்திருக்குமாயின், அது விலைகொடுத்து வடக்கினின்று கொணர்ந்ததாகவே இருந்திருக்கும்.

முயல்மேல் பாஜ் பாயும் முறையை நமக்கு எழுதி வைத்தவர், சென்னை மாகாணத்தில் மருத்துவராய்ப் பணியாற்றிய ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர். இந்தியப் பறவைகள் பற்றி 1862இல் தொடங்கி அவர் வெளியிட்ட நூலில் அரியதொரு செய்தி உள்ளது. முயலுக்குப் பழக்கும் பாஜின் கால்களுக்குத் தோலால் உறை இடுவராம். ஏன்? அப்புள் ஒரு காலால் முயலைப் பற்றும். மற்றொரு காலைப் பின்னே நீட்டித் தரையிலுள்ள புல்லையும் சுள்ளியையும் பற்றி, ஓடும் முயலுக்குக் கடிவாளம் இட்டதுபோல இழுத்து நிறுத்தும். முட்செடி நிறைந்த நிலத்தில் அக்கால் கிழியாதிருக்கவே அவ்வுறை. தன் உடலை நங்கூரமாக்கும் புள்ளின் அறிவை வியப்பதா, அதன் காலுக்குச் செருப்புத் தைத்த மனிதனின் பரிவை வியப்பதா?

அப்பரிவுடைய மனிதன் யார் என்பதே என் உள்ளத்தை உறுத்தும் கேள்வி. காட்டுப்புள்ளை அடித்துப் பணியவைத்தல் இயலாது. அடித்தால் ஒருமுறை பறக்கும், பின் வாராது. புதிதாய்ப் பிடித்த புள்ளின் கண்ணிமையை நூலால் தைத்தோ, தலையில் தோல்மூடி இட்டோ ஒளியை மறைப்பர். அது கொடுமையே; மறுப்பதற்கில்லை. பின் இரவும் பகலும் கைமேல் தாங்கி இருத்தல், உறங்காது விழித்திருத்தல், சந்தடி மிக்க கடைத்தெருவில் நடந்து மனிதக் குரலுக்குப் பழக்குதல், கையுறைமேல் இறைச்சி வைத்து ஊட்டுதல், நீண்ட கயிறு கட்டிப் பறக்கவிட்டு அழைத்தல் என வேலை நீளும். இறுதியில் ஒருநாள் கயிற்றை அவிழ்த்து விடுவர். அன்று அது திரும்பி வந்தால் பாடு பலித்தது. வாராவிடின் பல நாளைய உழைப்பு வானத்தோடு போயிற்று. பசி மிகினும் பறவை சோரும், பசி குறையினும் அழைப்புக்கு வாராது. அவ்வளவைக் கையில் தூக்கிப் பார்த்தே அறிந்தவர் அப்பழக்குநர். வேட்டையின் பெயரோ மன்னனுக்கு. நூலின் பெயரும் மன்னனுக்கு.

நம் வயலின் கதையும் வேறன்று. 1880இல் சுரங்கத்தை மேற்கொண்ட ஜான் டெய்லர் கம்பெனியின் பெயர் எல்லா நூலிலும் உண்டு. பாறையின் ஓசை கேட்டு அது வெடிக்கப் போவதை உணர்ந்து, உடனிருந்தாரை ஓடச் சொன்ன தொழிலாளியின் பெயரை எந்நூலில் தேடுவது?

சமத்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் இவ்வேட்டை தளர்ந்தது. அதனை நெடுநாள் பேணிய அரண்மனைகளுள் பாவநகரும் ஒன்று. அந்நாட்டு மன்னர் கிருஷ்ணகுமாரசிங்ஜி 1948இல் சென்னை மாகாண ஆளுநராய் வந்தார். அவர்தம் இளவல் தர்மகுமாரசிங்ஜி இக்கலையில் தேர்ந்தவர், 1955இல் சௌராட்டிரப் பறவைகள் பற்றி நூல் எழுதியவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் எஞ்சிய வேட்டைக்கும் முற்றுப்புள்ளி வைத்தன. இன்று வல்லூறும் முயலும் ஒருங்கே சட்டத்தின் காப்பில் உள்ளன, அது நன்றே. 2010இல் பதினொரு நாடுகள் கூடி இக்கலையை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின. இந்தியா அவற்றுள் இல்லை. வளைகுடா சென்று மீண்ட நம் இளைஞர், அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே மருத்துவமனை இருப்பதை வியந்து பேசக் கேட்டிருக்கின்றேன்.

ஆயினும் கைத்திறன் முற்றும் அழியவில்லை. புட்களைப் பிடித்து விற்று வாழ்ந்த பீகார் நாட்டு மீர்ஷிகார் மக்களைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பணிக்கு அமர்த்தியது. பறவையின் காலில் வளையமிட்டு, அது எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என ஆராயும் பணி அது. ஊறுபடாது பறவையைப் பிடிக்கும் வித்தை அவர்களுக்கே கைவந்தது. அவர்களுள் அலி ஹுசைன் என்பாரின் பெயரைப் பறவை ஆய்வாளர் நன்கு அறிவர். இவ்வரலாற்றில் மன்னரல்லாத, புள்ளைக் கையாண்ட மனிதர் ஒருவரின் பெயராக யான் கண்டது இதுவே.

அவர் போன்றோரின் முன்னோர் கண்ட பொறிகளுள் ஒன்று, சிறு கூண்டின்மேல் மயிர்க் கண்ணிகள் கட்டி, உள்ளே இரையை வைக்கும் பால்சத்ரி. ‘மயிர்க்குடை’ என்பது அதன் பொருள். 1959இல் அமெரிக்கப் பறவையியல் இதழ் ஒன்றில் இருவர் அதனை விளக்கி எழுதினர். அன்று தொட்டு உலகெங்கும் வல்லூறுகளுக்கு வளையமிடுவோர் அக்கூண்டைக் கையாளுகின்றனர். பெயரையும் மாற்றாமல் பால்சத்ரி என்றே அழைக்கின்றனர்.