பதினெட்டில் என்ன இருக்கிறது?

சாயங்காலம் திருத்தங்கலில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 'அஞ்சு ஓவர் மேட்ச்' என்பான் ஒருவன். இருட்டப் போகிறதென்றால் அதுவே மூன்று ஓவராகிவிடும். 'இதெல்லாம் கிரிக்கெட்டாடா?' என்று எவனாவது மூஞ்சியைத் தூக்குவானா? மாட்டான். இங்கிலாந்துக்காரர்கள் இருபது ஓவர் போட்டியைத் தொடங்கியதே 2003-ல்தான்!

கோல்ஃப் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கவில்லை? பதினெட்டுக் குழி ஆடினால்தான் முழு ஆட்டம். நான்கு மணி நேரமாவது வேண்டும். நூறு ஏக்கருக்குமேல் நிலம் வேண்டும். அத்தனை புல்லுக்கும் தண்ணீர் வேண்டும். நம்ம கரிசல் சீமையில் புல்லுக்கு அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் ஊரே குடத்தோடு சண்டைக்கு வந்துவிடும்.

சரி, அதென்ன பதினெட்டு? 'ஒரு பாட்டில் விஸ்கியில் பதினெட்டு மடக்கு. குழிக்கு ஒரு மடக்கு. பாட்டில் காலி, ஆட்டம் ஓவர்' என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால், கட்டுக்கதை.

நிஜம் இதைவிடச் சாதாரணமானது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். கடலோர மணல்மேட்டில் நீளமான ஒரு துண்டு நிலம். போகும்போது 11 குழி, அதே வழியில் திரும்பும்போது 11. மொத்தம் 22. 1764-ல் சங்கத்தார் கூடினார்கள். முதல் நான்கு குழிகளை இரண்டாக்கினார்கள். போக 9, வர 9. கூட்டிக்கொள்ளுங்கள்... பதினெட்டு! அவ்வளவுதான் விஷயம்.

மற்ற ஊர்களில்? லீத் ஊரில் ஐந்தே குழி. 1744-ல் கோல்ஃபுக்கு முதன்முதலாக 13 விதிகள் எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். எத்தனை குழி ஆட வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வார்த்தைகூட இல்லை. ப்ரெஸ்ட்விக் மைதானத்தில் 12 குழி. உலகப் புகழ்பெற்ற ஓப்பன் போட்டி 1860-ல் அங்கேதான் பிறந்தது. எட்டுப் பேர், மூன்று சுற்று, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. வில்லி பார்க் ஜெயித்தார். ஓப்பன் பதினெட்டுக் குழி மைதானத்துக்கு வந்ததே 1873-ல்தான்.

ஆக, நிலம் எவ்வளவோ ஆட்டமும் அவ்வளவு. நம்ம தெருப் பையன்களின் அதே சட்டம்! பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தின் செல்வாக்கு வளர வளர, அவர்கள் வீட்டுக் கணக்கே ஊர்க் கணக்காகிவிட்டது. 1829-ல் கல்கத்தாவுக்கும் 1895-ல் கொடைக்கானலுக்கும் வெள்ளைக்காரர்கள் கிளப் கட்டி கோல்ஃபைக் கொண்டுவந்தார்கள். நிலமும் நேரமும் உள்ளவர்களுக்கான ஆட்டம் என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். 2017-ல் இங்கிலாந்தில் 'கோல்ஃப் சிக்ஸஸ்' நடந்தது. நாட்டுக்கு இரண்டு பேர், ஆட்டத்துக்கு ஆறே குழி. டென்மார்க் ஜெயித்தது. 2019 வரை மூன்று முறை நடந்தது. 2020-ல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்தபோது, ஒன்பது குழி ஆடிய ஸ்கோரும் செல்லும் என்றார்கள்.

இதைப் புதுமை என்கிறார்கள் சிலர், கலப்படம் என்கிறார்கள் சிலர். காமர்ஸ் படித்தவன் பழைய பேரேட்டைப் புரட்டிவிட்டுச் சொல்கிறேன்... இரண்டும் தப்பு. ஐந்து குழியில் விதி எழுதிய ஆட்டம் இது. ஆறு குழி ஆடினால் குறைந்தா போய்விடும்?

திருத்தங்கல் பையனிடம் கேட்டுப் பாருங்கள். 'வெளிச்சம் எவ்வளவுண்ணே இருக்கு?' என்பான்.